டவர் எட்டாத இடத்தில் ரேடியோவுக்கு ரேடியோ: டெட்ரா டைரக்ட் மோட் முழுமையான வழிகாட்டி

டெட்ரா என்பது போலீஸ், தீயணைப்பு, மெட்ரோ போன்ற இடங்களில் ஓடும் டிஜிட்டல் வாக்கி-டாக்கி முறை. அந்த ரேடியோவில் ஒருவர் பேசினால், பத்தடி தள்ளி நிற்கும் சக ஊழியருக்குக்கூட அந்தக் குரல் நேராகப் போவதில்லை. முதலில் டவருக்குப் போகும்; அங்கிருந்துதான் அவருக்கு இறங்கி வரும். ஐரோப்பாவில் போலீஸும் தீயணைப்புத் துறையும் பயன்படுத்தும் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் செட் 380–385 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது, 390–395 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. எல்லா செட்டும் மேல் பட்டையைக் கேட்டுக்கொண்டிருக்க, பேசுவதெல்லாம் கீழ்ப் பட்டையில் நடக்கிறது. நடுவில் டவர் இருந்து ஒன்றை வாங்கி இன்னொன்றில் விடும்வரை பிரச்சினை இல்லை. இரண்டாவது பேஸ்மென்டில் சிக்னல் போய்விட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இருவராலும் ரேடியோவில் பேசிக்கொள்ள முடியாது.

அதற்கான வழி அதே செட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் டைரக்ட் மோட். டவரை விட்டுவிட்டு, அனுப்புவதும் கேட்பதும் ஒரே அதிர்வெண்ணில் நடக்கும் முறை. டெட்ராவை வரையறுத்த எட்சி என்ற ஐரோப்பியத் தர நிறுவனம் இதற்கென்று தனித் தரமே வைத்திருக்கிறது. பிரிட்டனின் ஏர்வேவ், பின்லாந்தின் விர்வே, ஸ்வீடனின் ராக்கெல், பெல்ஜியத்தின் அஸ்ட்ரிட் என்று நாடு தழுவிய வலையமைப்புகளில் ஓடும் செட்டுகளிலும், டெல்லி மெட்ரோ போல டெட்ரா வைத்திருக்கும் இடங்களிலும் அடிப்படை இதேதான்.

கீழே வரும் படிகளுக்கெல்லாம் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. டைரக்ட் மோடுக்குப் போவது முன்கூட்டி எடுத்த முடிவாக இருக்க வேண்டும். சிக்னல் போன பிறகு ஆளாளுக்கு மெனுவைத் தோண்டுவதை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

முதலில், எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

நெட்வொர்க் மோடில், அதாவது டவர் வழியே பேசும் வழக்கமான முறையில், இருக்கும்போது பின்னால் ஒரு கூட்டமே நமக்காக வேலை செய்கிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசும் பட்டனை அழுத்தினால் யார் முதலில் என்று அதுவே தீர்மானிக்கும். பேச்சு பதிவாகும். இருப்பிடம் கண்ட்ரோல் ரூம் திரையில் தெரியும். டவர் பக்கத்தில் இருந்தால் செட் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு பேட்டரியை மிச்சப்படுத்தும். முக்கியமாக, கண்ட்ரோல் ரூமில் ஒருவர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார்.

டைரக்ட் மோடுக்கு மாறிய கணத்தில் இதெல்லாம் போய்விடும். பேசுவதை யார் கேட்கிறார்கள் என்பதை மலையும் சுவரும் தீர்மானிக்கும். நெட்வொர்க் கவரேஜின் கொஞ்சம் பலவீனமான வடிவம் என்று இதை நினைத்துக்கொள்வதுதான் பொதுவான தவறு. இது தனி வலை. அதில் உங்கள் குழு மட்டுமே இருக்கிறது.

டவர் இல்லாமல் நேரக் கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு கேள்வி வரும். டெட்ராவில் ஒரு 25 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை நான்கு நேரத்துண்டுகளாகப் பிரிந்து ஓடுகிறது. நான்கும் சேர்ந்த ஒரு சுற்று சுமார் 57 மில்லிசெகண்ட். டவர் இல்லாத இடத்தில், முதலில் பட்டனை அழுத்தியவரின் செட்டே மாஸ்டர் ஆகிவிடும். அது நேரத்தைச் சொல்லும், மற்ற செட்டுகள் அதோடு ஒட்டிக்கொள்ளும். பேசி முடித்து பட்டனை விட்டதும் அதே உரையாடலுக்காக அலைவரிசை சிறிது நேரம் ஒதுக்கி வைக்கப்படும். அந்த நேரத்தில் யார் பதில் சொல்கிறாரோ அவர் மாஸ்டர் ஆவார்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரே வரிசையில் மூவர் நிற்கிறார்கள், இரு முனைகளில் இருப்பவர்களுக்கு ஒருவர் சத்தம் மற்றவருக்கு எட்டாது என்று வையுங்கள். முனையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மறுமுனைக்காரரின் செட் ‘அலைவரிசை காலி’ என்று நம்பி அனுப்ப ஆரம்பிக்கும். நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே உருப்படியாக வராது. தடுத்து நிறுத்த டவர் இல்லை. பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்வதும், பதிலுக்கு இடம் விடுவதும்தான் மருந்து.

படி 1: செட்டை அலுவலகத்திலேயே தயார் செய்யுங்கள்

இரண்டு செட்டுகள் நேரடியாகப் பேச வேண்டுமானால் மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: அதிர்வெண், குரூப் முகவரி (சேர்ந்து பேசும் குழுவின் எண்), மறையாக்கச் சாவி (மற்றவர் ஒட்டுக்கேட்காதபடி பேச்சைப் பூட்டித் திறக்கும் எண்). மூன்றில் ஒன்று மாறினாலும் செட் அமைதியாக இருக்கும், எது தவறு என்று சொல்லாது.

அதிர்வெண்ணும் குரூப்பும் புரோகிராமிங்கில் அமைபவை. டைரக்ட் மோடில் ஒவ்வொரு குரூப்பும் ஓர் அதிர்வெண்ணோடு கட்டப்பட்டிருக்கும். அதனால் குரூப் பெயரைப் பார்த்தே எந்த அலைவரிசை என்று தெரிகிற மாதிரி பெயர் வைப்பது நல்லது. நெட்வொர்க் குரூப்புக்கும் டைரக்ட் குரூப்புக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவர் திரையின் மூலையில் இருக்கும் குட்டி அடையாளத்தைப் பார்க்கமாட்டார்.

வேறு நிறுவனத்தின் செட்டோடும் பேச வேண்டியிருக்கலாம். அதற்கு ஓப்பன் குரூப் என்று ஒன்று உண்டு. அதன் எண் 16777215, அதாவது 24 பிட்டும் ஒன்றாக இருக்கும் முகவரி. ஓப்பன் குரூப்பைக் கேட்கும்படி அமைத்த செட், தான் வேறு குரூப்பில் இருந்தாலும், அதே அதிர்வெண்ணில் ஓப்பன் குரூப்புக்கு வரும் அழைப்பைப் பிடிக்கும். கூட்டுப் பயிற்சிக்கு இது பெரிய உதவி.

மறையாக்கச் சாவியில்தான் பலர் மாட்டுகிறார்கள். டைரக்ட் மோடில் நிலையான சாவி ஒன்று எல்லா செட்டிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். பல அமைப்புகளில் புதிய சாவி காற்று வழியே, நெட்வொர்க் மோடில் இருக்கும்போது செட்டுக்கு வந்து சேரும். ஆறு மாதம் அலமாரியில் தூங்கிய செட்டுக்கு அது வந்திருக்காது. அவசரத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்துக்கொண்டு ஓடுவது அந்த செட்டைத்தான். நெட்வொர்க்கில் அது ஒழுங்காகப் பேசும், டைரக்ட் மோடில் மட்டும் யாருக்கும் கேட்காது. உபரி செட்டுகளையும் மாதம் ஒருமுறை நெட்வொர்க்கில் போட்டு வையுங்கள்.

சாவி பற்றி இன்னொன்று. டெட்ராவில் பல மறையாக்க முறைகள் உண்டு. அவற்றில் டிஇஏ1 என்பதன் 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது என்பதை மிட்நைட் புளூ என்ற நெதர்லாந்து ஆய்வுக் குழு 2023-இல் வெளியிட்டது. சாதாரணக் கணினியில் உடைத்துவிடக்கூடிய அளவு அது. உங்கள் செட்டில் எந்த முறை இருக்கிறது என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் எதை ரேடியோவில் பேசலாம் என்று முடிவு செய்யுங்கள்.

சரி, இதையெல்லாம் யார் செய்யலாம்? உரிமம் உள்ள நிறுவனம் மட்டும். டவர் தேவையில்லை என்பதால் உரிமமும் தேவையில்லை என்று ஆகிவிடாது.

படி 2: கட்டடத்தை நடந்து பாருங்கள்

எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டால் நேர்மையான பதில் ‘நடந்து பார்’ என்பதுதான். இருந்தாலும் கணக்கு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

கையடக்க செட் வழக்கமாக 1 வாட். வண்டியில் பொருத்துவது 3 அல்லது 10 வாட். பத்து மடங்கு சக்தி என்றால் பத்து மடங்கு தூரம் என்று நினைப்பார்கள். தடையே இல்லாத வெளியில்கூட அது சுமார் மூன்று மடங்குதான். தரையோடு தரையாக, இருவர் நின்றபடி பேசும்போது சிக்னல் இன்னும் வேகமாகத் தேயும். அங்கே பத்து மடங்கு சக்தி இரண்டு மடங்கு தூரத்தைக்கூட முழுதாகத் தராது. ஆன்டெனாவை உயர்த்துவது இதைவிட மலிவு. மொட்டை மாடியிலோ மேட்டிலோ ஒருவரை நிறுத்தினால், சக்தியைக் கூட்டுவதைவிட அதிகம் கிடைக்கும்.

திறந்த வெளியில் 1 வாட் செட்டுகள் ஒரு கிலோமீட்டர், சில நேரம் அதற்கும் மேல் எட்டும். கான்கிரீட் கட்டடத்துக்குள் சில தளங்களிலேயே முடிந்துவிடலாம். 380 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 79 சென்டிமீட்டர். நேரான சுரங்கத்துக்குள் அது கொஞ்சம் தூரம் ஓடும். சுரங்கம் வளைந்தால் அங்கேயே நின்றுவிடும். இடுப்பில் மாட்டிய செட்டின் ஆன்டெனாவை உடம்பே மறைக்கும். சிக்னல் திணறும் இடத்தில் செட்டைக் கழற்றி முகத்தருகே பிடித்துப் பேசுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பேர், இரண்டு செட், ஒரு தள வரைபடம். ஒருவர் வாசலில், கட்டளைக் குழு நிற்கப்போகும் இடத்திலேயே நிற்கட்டும். மற்றவர் ஒவ்வொரு தளத்திலும், படிக்கட்டிலும், லிஃப்ட் முன்னாலும் நின்று ரேடியோவில் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லட்டும். எங்கே அறுந்தது என்று வரைபடத்தில் குறியுங்கள். கதவுகளைச் சாத்திவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். தீ விபத்தில் தீத்தடுப்புக் கதவுகள் மூடித்தான் இருக்கும்.

இந்தச் சோதனை ஏன் இவ்வளவு அவசியம் என்றால், டிஜிட்டல் ரேடியோ முன்னெச்சரிக்கை தராது. பழைய அனலாக் செட்டில் தூரம் கூடக் கூட இரைச்சல் ஏறும், காதே ‘எல்லை வந்துவிட்டது’ என்று சொல்லிவிடும். டெட்ராவில் கடைசி வரை குரல் தெளிவாக இருக்கும். நாலு எட்டு வைத்ததும் ஒன்றுமே இருக்காது. டைரக்ட் மோடில் சிக்னல் கம்பிகளும் கிடையாது, காட்ட டவர் இல்லையே. கேட்க ஒருவராவது இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டு அழைப்பைத் தொடங்கும் வசதி தரத்தில் இருக்கிறது, ஆனால் குரூப் அழைப்புகள் பெரும்பாலும் அது இல்லாமலேயே போகும். ‘பேசலாம்’ என்ற டோன் வருவதற்கு அலைவரிசை காலியாக இருந்தால் போதும். எதிரில் ஆள் இருக்கிறார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

படி 3: போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்

மாறுவதற்கு முன்னால், நெட்வொர்க் இன்னும் கிடைக்கும்போதே, கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்கள். எத்தனை பேர், எங்கே, எந்த டைரக்ட் குரூப், வெளியே நெட்வொர்க்கில் யார் இருக்கப்போகிறார், அடுத்த தகவல் எப்போது. இப்படி:

“கண்ட்ரோல், ஆல்ஃபா ஒன்று. நாங்கள் நான்கு பேர் இரண்டாம் பேஸ்மென்டுக்கு இறங்குகிறோம். டைரக்ட் குரூப் மூன்று. ஆல்ஃபா ஐந்து வாசலில் இருப்பார், அவர் கையில் இரண்டு செட். பத்து நிமிடத்தில் அவர் மூலமாகத் தகவல் தருகிறோம். ஓவர்.”

அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் உயிர்க்கயிறு. நேரம் தாண்டியும் தகவல் இல்லை என்றால் என்ன செய்வது என்பது ஆல்ஃபா ஐந்துக்கும் கண்ட்ரோலுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு செட் ஏன்? ஒன்று டைரக்ட் மோடில் உள்ளே இருப்பவர்களைக் கேட்கும், இன்னொன்று நெட்வொர்க்கில் கண்ட்ரோலைக் கேட்கும். சில செட்டுகளில் டூயல் வாட்ச் என்ற வசதி இருக்கிறது; ஒரே செட் இரண்டையும் மாறி மாறிக் கவனிக்கும். பயன்தான், ஆனால் பேட்டரியைத் தின்னும், ஒன்றில் பேச்சு ஓடும்போது மற்றதில் வருவது தவறலாம். வாசலில் நிற்பவருக்கு அந்தச் சமரசம் வேண்டாம்.

2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, மீட்புப் பணியாளர்கள் பலரின் ரேடியோக்கள் கீழே வேலை செய்யவில்லை. செய்தியை மேலே கொண்டுவர ஆட்கள் ஓட வேண்டியிருந்தது. லண்டன் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கை இதைக் கடுமையாகவே எழுதியது. வாசலில் ஒருவரை நிறுத்துவது அந்த ஓட்டத்தைக் குறைக்கிற எளிய ஏற்பாடு.

படி 4: மாறுங்கள், உடனே சரிபாருங்கள்

பல செட்டுகளில் இதற்கென்று தனி பட்டன் ஒதுக்கியிருப்பார்கள். இல்லையென்றால் மெனுவில் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில், திரையைப் பார்க்காமல் மாற்றத் தெரியும்வரை பழகுங்கள். மாறியதும் குழுத் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்; ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். ‘எல்லாருக்கும் கேட்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயன் இல்லை, கேட்காதவர் எப்படிப் பதில் சொல்வார்?

ஒட்டி நின்றுகொண்டு சோதிக்காதீர்கள். இரண்டு செட் மிக அருகில் இருந்தால் ஒன்றின் ஒலிபெருக்கி மற்றதன் மைக்கில் புகுந்து கூவும். பத்துப் பதினைந்தடியாவது தள்ளி நில்லுங்கள்.

பேசும்போது பட்டனை அழுத்தி, டோன் வந்த பிறகு ஆரம்பியுங்கள். முந்திக்கொண்டால் முதல் வார்த்தை விழுங்கப்படும், அந்த முதல் வார்த்தை பெரும்பாலும் ஆளின் பெயராகவே இருக்கும்.

படி 5: தூரம் போதவில்லை என்றால் ரிப்பீட்டர்

வண்டி செட்டுகள் சிலவற்றை டைரக்ட் மோட் ரிப்பீட்டராக மாற்றலாம். எளிய வகை ஒரே அதிர்வெண்ணில் இயங்கும்: ஒரு நேரத்துண்டில் வாங்கி, இன்னொரு நேரத்துண்டில் திருப்பி அனுப்பும். நான்கு துண்டு அமைப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரே அலைவரிசை, ஆனால் 10 வாட் சக்தியும் வண்டிக் கூரை ஆன்டெனாவும் எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது.

வண்டியை உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் பொதுவான இடத்தில் நிறுத்துங்கள்: ரேம்ப் வாய், சுரங்க முகப்பு, கண்ணாடி லாபிக்கு எதிரே. கையடக்க செட்டில் ‘நேரடி’, ‘ரிப்பீட்டர்’, ‘தானியங்கி’ போன்ற தேர்வுகள் இருக்கும். ‘நேரடி’யிலேயே விட்டுவிட்டால் ரிப்பீட்டர் இருந்தும் பலன் இல்லை. பக்கத்திலேயே அதே அதிர்வெண்ணில் இரண்டாவது ரிப்பீட்டரைப் போடாதீர்கள்.

ரிப்பீட்டரின் கெடுதல் ஒன்று: எல்லாரும் அதைச் சார்ந்துவிடுவார்கள். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு தீயணைப்பு ரேடியோவுக்கென்று ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 காலையில் அதை இயக்கும் பட்டன் அழுத்தப்பட்டது. அதன் மாஸ்டர் ஹேண்ட்செட் (கையில் பிடித்துப் பேசும் ரிசீவர்) வழியே பேசுவதற்கான இரண்டாவது பட்டன் அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுர லாபியில் தலைமை அதிகாரிகள் சோதித்துப் பார்த்து, ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி வேறு அலைவரிசைக்குப் போனார்கள். தெற்குக் கோபுரத்தில் அதே ரிப்பீட்டர் பயன்பட்டது. அந்தத் தாக்குதலை ஆராய்ந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் இது விரிவாக இருக்கிறது. ஆகவே, ரிப்பீட்டர் தெரிந்தவர் என்று ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ரிப்பீட்டர் விழுந்தால் எந்த நேரடிக் குரூப்புக்குப் போவது என்பதும் செட்டின் பின்னால் ஒட்டியிருக்கட்டும்.

படி 6: கண்ட்ரோலும் கேட்க வேண்டுமென்றால் கேட்வே

கேட்வே என்பது ஒரு கையால் டைரக்ட் குரூப்பையும் மறுகையால் நெட்வொர்க் குரூப்பையும் பிடித்துக்கொள்ளும் வண்டி செட். உள்ளே இருப்பவர் பேசுவது கண்ட்ரோலுக்கு நேராகப் போகும். வண்டி நிற்கும் இடத்தில் நெட்வொர்க் சிக்னல் திடமாக இருக்க வேண்டும். அதே இடத்திலிருந்து பேஸ்மென்டும் எட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் இடம் குறைவு. படி 2-இல் செய்த வரைபடத்தில் அதையும் குறித்து வைத்திருந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று அலைய வேண்டாம்.

கேட்வே வந்துவிட்டால் வாசல் ஆள் தேவையில்லை என்று அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பாதீர்கள். கேட்வே வண்டியை யாராவது நகர்த்தச் சொன்னால் இணைப்பு அறுந்துபோகும், உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியக்கூட தெரியாது.

படி 7: அவசர பட்டன் என்ன செய்யும் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்

நெட்வொர்க்கில் ஆரஞ்சு பட்டனை அழுத்தினால் கண்ட்ரோலில் மணி அடிக்கும். டைரக்ட் மோடில், எட்டும் தூரத்தில் அதே அலைவரிசையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். ஓடிக்கொண்டிருக்கும் பேச்சை முறித்துக்கொண்டு நுழையும் முன்னுரிமை அதற்கு உண்டு. சில செட்டுகளை, அவசரத்தில் தானாக நெட்வொர்க் மோடுக்குத் தாவும்படி அமைத்திருப்பார்கள். பேஸ்மென்டில் அப்படித் தாவினால், பக்கத்தில் இருக்கும் சகாக்களும் போய்விடுவார்கள், கண்ட்ரோலும் கிடைக்காது. இது நல்லதா கெட்டதா என்பது வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தது. நிலத்தடி வேலைக்கு நான் இதை ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

டெட்ரா அல்லாத செட்டுகள்

அமெரிக்காவில் பெரும்பாலும் பி25 டிரங்கிங்தான்; அதுவும் டெட்ரா போல டவரே சேனல்களைப் பங்கிட்டுத் தரும் டிஜிட்டல் ரேடியோ முறை. அங்கே நேரடிப் பேச்சுக்குத் தனி சிம்ப்ளெக்ஸ் (அனுப்புவதும் கேட்பதும் ஒரே அதிர்வெண்ணில் நடக்கும்) சேனல்கள் செட்டில் இருக்கும். 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் நாடு முழுதுக்கும் பொதுவான இணைப்புச் சேனல்களின் பெயரில் கடைசி எழுத்து ‘டி’ என்று இருந்தால் அது நேரடி, ரிப்பீட்டர் இல்லாதது. டிஎம்ஆர் என்ற இன்னொரு டிஜிட்டல் முறையின் செட்டுகளில் டாக்-அரவுண்ட் என்றொரு வசதி உண்டு: ரிப்பீட்டர் எந்த அதிர்வெண்ணில் அனுப்புமோ அதிலேயே செட்டும் அனுப்பும். அதனால் சாதாரண முறையில் விட்டுவிட்ட சக ஊழியருக்கும் நீங்கள் பேசுவது கேட்கலாம், அவர் பதில் மட்டும் ரிப்பீட்டரை நோக்கிப் போய்விடும்.

படி 8: திரும்பி வரும்போது

வெளியே வந்ததும் குழுத் தலைவர் ஒவ்வொரு செட்டையும் நெட்வொர்க்குக்கு மாற்றச் சொல்லி, கண்ட்ரோல் வழியாகவே பெயர் கூப்பிட வேண்டும். வேலை முடிந்த களைப்பில் டைரக்ட் மோடிலேயே விட்டுவிட்டு வண்டியேறுவது சகஜம். அந்த செட்டை அடுத்த ஷிஃப்ட்டுக்காரர் எடுத்துக்கொண்டு, ‘இன்றைக்கு ரேடியோ ரொம்ப அமைதியாக இருக்கிறதே’ என்று உட்கார்ந்திருப்பார்.

டைரக்ட் மோடில் சக்தி குறைப்பு இல்லாததால் பேட்டரி வழக்கத்தைவிட அதிகம் இறங்கியிருக்கும். மாற்றிவிட்டு சார்ஜரில் போடுங்கள். குரல் அறுந்த புது இடங்களைத் தள வரைபடத்தில் சேர்த்து, தேதி போட்டு, வண்டியில் இருக்கும் நகலையும் மாற்றிவிடுங்கள்.